ரெஜியைத் தெரியாத கொழும்பு

கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாடகர் ரெஜியைப் பார்ப்பதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். பார்க்கலாம் வாருங்கள் என்று இரண்டு மாதமாக மின்னஞ்சல் எழுதியவர் யோகன். காலி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் செல்போன் உறை விற்கிறார். பெட்டியும் கையுமாக அவர் கடை வாசலில் போய் நின்றால், மனிதர் காதுமடலைச் சொறிந்துகொண்டு, "ரெஜியோ? ஆளைக் கண்டு கனகாலம்" என்கிறார்.

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"ஓம், வரச் சொன்னனான்தான். வந்தாப் பாப்பம் எண்டு சொன்னனான். பிளேன் டீ குடிக்கிறீங்களோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விமானத்தில் கொடுத்த சமாசாரத்தைச் சாப்பிட முடியாமல் பசியோடு இருந்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீயும், மிளகாய் தூக்கலாக இரண்டு மீன் ரோல்ஸும் வந்தன. ரோல்ஸ் அபாரம். அதனால் திட்டுவதைப் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

ரெஜி யார் என்று சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனைக்காரர். யுத்த காலத்தில் 'கொதிகலன்' என்ற ஹெவி மெட்டல் குழுவில் தமிழில் கத்திக்கொண்டிருந்தவர். குழு உடைந்த பிறகு தனியாக மூன்று ஆல்பம் போட்டார். மூன்றும் கேசட்டில் மட்டும் வந்தவை. முதலாவது 'துருப்பிடித்த நாக்கு'. எட்டுப் பாட்டு, எட்டும் தலைதெறிக்க ஓடும், குரல் குக்கர் விசில் மாதிரி உச்சத்திலேயே நிற்கும். அடுத்தது 'பதின்மூன்று'. கொட்டாஞ்சேனையின் தபால் எண்ணைத் தலைப்பாக வைத்தது. அதில் 'நங்கூரம்' என்ற பாட்டின் நடுவே துறைமுகத்தில் கப்பல் ஊதுவதை நிஜமாகவே பதிவு செய்து சேர்த்திருப்பார். 'அடையாள அட்டை' என்ற பாட்டில் ஒரே ஒரு வார்த்தைதான், "இருக்கு, இருக்கு, இருக்கு" என்று நாலு நிமிடம்.

மூன்றாவது 'அடிமண்டி'. எனக்கு உயிர் அதுதான். அதில் அந்த விசில் குரல் பாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது. கிதார்களும் கூடவே கனத்து இழுக்கின்றன. கடைசிப் பாட்டு 'நாளைக்கு வா'வில், "கதவைத் திறந்து வை, நான்" என்று பாடும்போதே பாட்டு பட்டென்று அறுந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த ஊரில் ஒரு பாட்டுக்கு அதைவிட ஒரு முடிவு உண்டா?

அதைப் பற்றி நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். ரெஜியின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை, அந்தத் துக்கம்தான் தம்பியின் குரலைக் கீழே இறக்கியது, பாட்டையும் பாதியில் அறுத்தது என்று எழுதினேன். அண்ணன் விஷயம் யாரோ ஒரு ரசிகர் சொன்னது. கட்டுரை இணையத்தில் லண்டன், டொரோண்டோ என்று சுற்றியது. அந்தத் தெம்பில்தான் நானும் இரண்டு நண்பர்களும் மூன்று ஆல்பத்தையும் இசைத்தட்டாகக் கொண்டுவரத் துணிந்தோம். தட்டு அச்சிடும் இடத்தில் எங்களுக்கு ஒதுக்கிய வாரம் நெருங்கிவிட்டது. ரெஜியின் சம்மதமும் 'அடிமண்டி'யின் மூலப் பதிவும் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு.

யோகன் எனக்குச் செய்த ஒரே உபகாரம் தங்க இடம் பிடித்துக் கொடுத்தது. பக்கத்துத் தெரு மாடி வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரர் திலகா அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்தைந்து இருக்கும், மகளோடு போய் இருக்கக் கனடா விசாவுக்குக் காத்திருப்பவர். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். சொதி என்பது மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால்தான், ஆனால் அதை ஊற்றினால் இடியப்பம் தானாக உள்ளே போகிறது. நான் எட்டாவதை எடுக்கும்போது விசாரணை ஆரம்பித்தது. ஊர் எது, அப்பா என்ன செய்தார், கல்யாணம் ஏன் செய்யவில்லை, இந்த வயதில் இந்தக் கத்தல் பாட்டைக் கேட்டால் தலையிடி வராதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் நான் ஒன்று கேட்டேன்.

"அக்கா, ரெஜின்னு ஒரு பாட்டுக்காரர், தெரியுமா?"

"தெரியாது பிள்ளை. இன்னும் ரெண்டு இடியப்பம் போடட்டோ?"

காலையில் எழுந்து பார்த்தால் அக்கா வீட்டில் இல்லை. ஏழே முக்காலுக்கு வியர்த்து விறுவிறுத்துப் படியேறி வந்தார். எங்கே போனீர்கள் என்றால், "ஒரு அலுவல்." சரி, கோயிலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் கொட்டாஞ்சேனைக்குக் கிளம்பினேன். புறக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். கொழும்பு பஸ் நிற்பதில்லை. நிற்கப்போவதாக ஒரு பாவனை காட்டும், அந்தப் பாவனைக்குள் நாம் ஏறிவிட வேண்டும், இறங்குவதும் அப்படித்தான். என் பக்கத்தில் இருந்த அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கையிலும் பையோடு குதித்து இறங்கினார். நான் யோசித்தேன், அதற்குள் பஸ் மூன்று நிறுத்தம் தாண்டிவிட்டது. நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டுக்காரர் மொழிபெயர்த்தார்: "அக்காவுக்குக் கடல் பாக்க ஆசை போல, ஹார்பருக்குள்ளேயே இறக்கி விடுவோமா எண்டு கேக்கிறான்."

கையில் ஒரு ஃபைல் வைத்திருந்தேன். அதற்குள் ரெஜியின் பழைய புகைப்படம், நீள முடியோடு, இருபத்தைந்து வயதில். ஒரு சலூனில் காட்டினேன். முடி வெட்டிக்கொண்டிருந்தவர் படத்தை அரை விநாடி பார்த்தார். "நமக்குத் தெரியாதுங்க." டீக்கடையில் கேட்டேன். "ரெஜியா? அவர் ஆஸ்திரேலியா போய்ப் பத்து வருசம்." தொடர்மாடிக் குடியிருப்பின் கீழே மீன் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "அந்த ஆள் மோசம் போயிட்டாரெண்டு கேள்வி." செத்துவிட்டார் என்று அர்த்தமாம். தேவாலய வாசலில் மெழுகுவர்த்தி விற்பவரோ, நான் ஃபைலைத் திறக்கும் முன்பே தெரியாது என்றுவிட்டார்.

எங்கள் திருச்சியில் இப்படி ஒருவரைத் தேடினால் என்ன நடக்கும்? நாலு பேர் கூடி வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். போகிற வழியில் அவருடைய வியாதி, மாமியார் சண்டை, பெண் ஓடிப்போன கதை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். இங்கே ஓர் ஊரே வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. ஒரே மனிதர் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார், செத்தும் போயிருக்கிறார், பிறக்கவும் இல்லை. வெயிலில் அலைந்து, குடை வாங்கி, அந்தக் குடையை ஆட்டோவில் மறந்து, இறால் வடை நாலு தின்று, நெஞ்செரிச்சலோடு வெள்ளவத்தை திரும்பினேன்.

மூன்றாம் நாள் நேராக யோகன் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்திருந்த இரண்டு பேர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நீங்கதானே அந்தக் காலத்துல ரெக்கார்டிங் கடை வச்சிருந்தீங்க? 'அடிமண்டி' கேசட் எல்லாம் இந்தக் கடையில காப்பி போட்டதுதானே? ஆளைத் தெரியாதுன்னு எப்படிங்க வாய் கூசாம சொல்றீங்க?"

யோகன் முகம் சுருங்கிவிட்டது. "மற்ற ரெண்டையும் பற்றி என்னவெண்டாலும் கேளுங்கோ, தங்கச்சி. அந்த மூண்டாவது கசட்டைப் பற்றி மட்டும் என்னட்டக் கேக்காதீங்கோ" என்றார்.

அவ்வளவுதான்.  கண்ணாடி ஒட்ட ஆரம்பித்துவிட்டார், அதுவும் கோணலாக.

அன்று இரவு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மாலை எனக்கு விமானம். திலகா அக்கா என் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் செல்போனில் எதையோ வெகுநேரம் படித்தார். எட்டிப் பார்த்தேன். என் கட்டுரை.

"நல்லா எழுதியிருக்கிறீர்" என்றார். பாராட்டு மாதிரி இல்லை. "இதை ஆர் சொன்னது உமக்கு, அண்ணன் திரும்பி வரேல்ல எண்டு?"

"ஒரு ரசிகர்."

"நீர் வேற ஆரையும் கேக்கேல்லையோ?"

 அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "காலமை ஆறரைக்கு வெளிக்கிட்டு நில்லும்."

ஆறரைக்குக் கீழே போனால், 'எல்' போர்டு மாட்டிய ஒரு சின்ன நீலக் கார் நிற்கிறது. திலகா அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறுகிறார். பக்கத்து இருக்கையில் வழுக்கைத் தலையும் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையுமாக ஒருவர்.

"பின்னால ஏறுங்கோ. பெல்ட்டைப் போடுங்கோ. அக்கா கிளட்ச் விட்டா ஆக்கள் பறப்பினம்."

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ரெஜி! வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். திலகா அக்கா அவருடைய மாணவி. தினமும் காலையில் அக்கா போய்வந்த அலுவல் இதுதான். நான் பஸ்ஸில் தொங்கி, வெயிலில் வெந்து, கொட்டாஞ்சேனையைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் தினம் காலையில் என் ஜன்னலுக்குக் கீழே வந்து ஹாரன் அடித்திருக்கிறார்.

"அக்கா! தெரியாதுன்னு சொன்னீங்களே!" என்று கத்தினேன்.

"கத்தாதையும், எனக்குக் கை நடுங்குது" என்றார் அக்கா, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி. "கையில ஃபைலும் போட்டோவும் வைச்சுக்கொண்டு வந்து ஒரு ஆளைத் தேடினா, இஞ்ச ஆர் சொல்லுவினம்? தெரியும் எண்டு சொன்ன வீட்டுக்குத்தான் அந்த நாளில ஜீப் வந்தது. இப்ப ஒண்டும் இல்லைத்தான். ஆனா வாய் பழகிப் போச்சு."

எனக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கார் கடலோர மரைன் டிரைவில் சைக்கிளைவிட மெதுவாக ஊர்ந்தது. இடது பக்கம் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரெஜி திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"யோகன்ர கடையில ரெண்டு டெக் இருந்தது. ஒண்டில மூலக் கசட்டைப் போட்டு மற்றதில கொப்பி எடுக்கிறது. 'அடிமண்டி' எடுக்கேக்க அந்த முதல் டெக்கிண்ட ரப்பர் பெல்ட் இளகிப் போச்சு. ஆள் கவனிக்கேல்ல. அக்கா, ரெண்டாம் கியர். ரெண்டாம் கியர் எண்டனான், அது நாலு."

கார் குலுங்கி நின்றது. பின்னால் வேன் ஒன்று கதறியது.

"பெல்ட் இளகினா டேப் மெதுவா ஓடும். மெதுவா ஓடினாக் குரல் தடிக்கும், பாட்டும் நீளும். நீண்டா கசட்டில இடம் காணாது. கடைசிப் பாட்டு முடிய முன்னம் டேப் முடிஞ்சு போச்சு. அவ்வளவுதான் விசயம். நான் அப்ப மட்டக்களப்பில. திரும்பி வரேக்க எல்லாக் கசட்டும் வித்து, லண்டன் வரைக்கும் போயிட்டுது."

 பாதாளத்துக்கு இறங்கிய குரல், துக்கத்தில் தளர்த்திய கிதார்க் கம்பிகள், பட்டென்று அறுந்த பாட்டு. பத்துப் பக்கம் எழுதியிருந்தேன். அத்தனையும் ஒரு தளர்ந்த ரப்பர் வளையம்.

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னனான். ஆர் கேட்டது? அடுத்த கச்சேரியில 'அந்தக் குரலில பாடு, அந்தக் குரலில பாடு' எண்டு கத்தினாங்கள். எனக்கு அந்தக் குரல் இல்லை. அது யோகன்ர பெல்டிண்ட குரல். ரெண்டு கச்சேரி இழுத்துப் பாத்தன், தொண்டையால ரத்தம் வந்தது. அதோட விட்டன். அக்கா, கண்ணாடியைப் பாருங்கோ, என்னைப் பாக்காதீங்கோ."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காரில் செருகினார். மூலக் கேசட்டிலிருந்து சரியான வேகத்தில் மாற்றி எடுத்தது. இருபது வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் அவர் போட்டுக் காட்டியதில்லையாம்.

கேட்டேன். பம்பலப்பிட்டி தாண்டும்வரை கேட்டேன். கிதார் துள்ளியது. குரல் முதல் இரண்டு ஆல்பத்தில் கேட்ட அதே இளைஞனுடைய குரல், நல்ல குரல், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த 'அடிமண்டி' இதில் இல்லை. அழுகை வந்தது, சந்தோஷத்தில் அல்ல.

"எப்பிடி?" என்றார் ரெஜி. முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

பொய் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் அலைந்த எரிச்சலில் உண்மை வந்துவிட்டது. "எனக்கு மத்ததுதான் சார் பிடிச்சிருக்கு."

திலகா அக்கா பயந்து பிரேக்கை மிதித்தார். ரெஜி சிரித்தார். "எனக்கும்தான். அது தெரிஞ்சபடியாத்தான் ஒருத்தருக்கும் போட்டுக் காட்டேல்ல."

"அப்ப ரெண்டையும் போட்டுடுவோம். ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது."

"இல்லை. இது மட்டும்தான். இல்லாட்டிச் சம்மதம் இல்லை."

"ஜனங்க திட்டுவாங்க சார்!"

"திட்டட்டும். இவ்வளவு நாளும் வேற ஆரையோ எல்லாரும் புகழ்ந்துகொண்டிருக்கினம். ஒருக்காலாவது என்னைத் திட்டட்டும்."

நான் விடவில்லை. இசைத்தட்டை வாங்கக் காத்திருப்பவர்கள் அந்தப் பாதாளக் குரலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள், இதைக் கேட்டால் ஏமாந்துபோவார்கள் என்று கொள்ளுப்பிட்டி வரை வாதாடினேன். அவர் காரை ஓரங்கட்டச் சொன்னார். அக்கா நடைபாதையில் அரைச் சக்கரம் ஏற்றி நிறுத்தினார். கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"கதவைத் திறந்து வை, நான்" என்ற இடம் வந்தது. என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு அறுந்து போகவில்லை.

"நான் வந்துவிட்டேன், சோறு இருக்கா அம்மா?"

அதற்குப் பிறகு கிதாரும் டிரம்ஸும் ஒரு நிமிடம் கல்யாண வீடு மாதிரி ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு ஓய்ந்தன.

"என்ர அண்ணனைப் பதினொரு நாள் உள்ளுக்கு வைச்சிருந்தவங்கள்" என்றார் ரெஜி. "பன்னிரண்டாம் நாள் வீட்டை வந்தார். வந்தவுடன கேட்டது அதைத்தான். அந்தச் சந்தோசத்தில எழுதின பாட்டு இது. டேப் முடிஞ்ச இடத்தில அண்ணன் வழியிலயே நிண்டிட்டார். அதுகூடப் பறவாயில்லை. நீங்கள்தான் அவர் திரும்பவேயில்லை எண்டு உலகத்துக்கே எழுதினீங்கள்."

 ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். யாரிடமும் கேட்கவில்லை. கட்டுரைக்கு அந்தத் துக்கம் பொருத்தமாக இருந்தது, எழுதிவிட்டேன்.

அவர் செல்போனில் டொரோண்டோவுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். அங்கே இரவு. பனியனோடு குண்டாக ஒருவர் திரையில் வந்தார். "அண்ணை, இவதான் உங்களைக் காணாமப் போக்கினவ" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார்.

"வணக்கம் தங்கச்சி" என்றார் அவர். சிரித்த முகம். "உங்கட கட்டுரை வாசிச்சனான். நல்லா இருந்தது, எனக்கே அழுகை வந்திட்டுது."

"மன்னிச்சுக்குங்க அண்ணே."

"எனக்கு ஒண்டுமில்லை. அம்மாக்குத்தான் ஆரோ அதை வாசிச்சுக் காட்டிப்போட்டினம். எண்பத்தாறு வயசு, ஞாபகம் தளம்பல். அதில இருந்து ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் எடுத்து, 'தம்பி, நீ வீட்டை வந்திட்டியா?' எண்டு கேக்கிறா. நானும் ஒவ்வொரு நாளும் 'வந்திட்டன் அம்மா' எண்டு சொல்லுறன். அடுத்த நாள் மறந்துபோறா, உங்கட கட்டுரையை மட்டும் மறக்கிறா இல்லை."

 போனைத் திருப்பி நீட்டினேன். ரெஜி அதை வாங்கிக்கொண்டார்.

சம்மதக் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்தேன். 'சரியான வேகத்தில் உள்ள பதிவு மட்டும்' என்று என் கையால் எழுதி நீட்டினேன். காரின் முன்பலகையில் வைத்து அவர் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா எங்க இருக்காங்க சார்?" என்று கேட்டேன்.

"கொட்டாஞ்சேனையில, என்னோடதான்."

"இந்தப் பாட்டை முதல்ல அவங்களுக்குப் போட்டுக் காட்டலாமா? அந்தக் கட்டுரையை எழுதினது நான்தான், அது தப்புன்னு நானே அவங்ககிட்டச் சொல்றேன்."

 அவர் திலகா அக்காவிடம் காரைக் கொட்டாஞ்சேனைப் பக்கம் விடச் சொன்னார். அந்த நெரிசலுக்குள் தான் ஓட்டியதே இல்லை என்று அக்கா கெஞ்சினார். நான் பின்சீட்டிலிருந்து, "ஓட்டுங்கக்கா, சீக்கிரம்" என்றேன்.